ராமபாணம் தின்ற இடம்

தேவசகாயம் சார் படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்
கொண்டுவந்தபோது மணி இரண்டு.
மேல ஆவணி மூல வீதியில் மின்சாரம் இல்லை.
வாசல் வெளிச்சத்தில் பிரித்தோம்.

பிரெஞ்சுக்காரராம். செம்புத் தகட்டில் மெழுகு பூசி
ஊசியால் கீறி, திராவகத்தில் ஊறப்போட்டுப்
படம் எடுக்கிறவராம். நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி.
பேரை சார் மூன்று தடவை சொன்னார்,
மூன்று தடவையும் மூக்கில் முடிந்தது.

தாடி. கசங்கிய சட்டை.
வந்து நிற்கிற ஆளைக்
கொஞ்சம் இரு என்பதுபோல் ஒரு பார்வை.
ஊசி இருந்தது இடக்கையில்.

அதற்கப்புறம் தாடியை நான் பார்க்கவில்லை.

நானும் அந்தக் கைதான்.
ஆணி, சுத்தி, கண்ணாடி வெட்டும் வைரம் எல்லாம் அதில்.
பந்தியில் மட்டும் வலது.
பெண் பார்க்க வந்தவர்களுக்குக்
காப்பித் தம்ளர் நீட்டியதும் வலதுதான்,
கொஞ்சம் சிந்தியது.

"அவசரப்படாதே இருளாயி" என்றார் சார்.
தகட்டில் வரைந்தது தாளில் திரும்பித்தான் விழும்.
சிநேகிதன் யாரோ வரைந்திருந்தால்
ஆள் வலக்கைக்காரர்.
அவரே கண்ணாடி பார்த்து வரைந்திருந்தால்
திரும்பியது இன்னொரு தடவை திரும்பி
இடம் இடமாகவே நிற்கும்.
வரைந்தது யாரென்று அடியில் எழுதியிருக்கும்.

அடியில்
ராமபாணப் பூச்சி
குறி தப்பாமல் தின்றிருந்தது.

போன வருசம் சேலத்துக்காரர் ஒருவர்
வெள்ளியம்பல நடராசர் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.
தூக்கிய கால் வலதாம், அச்சு மாறிவிட்டதாம்.
அச்சு மாறவில்லை அண்ணே, எங்க ஊரில்
அவரே மாற்றித்தான் ஆடினார் என்றேன்.
நின்ற கால் வலிக்குமே என்று
பாண்டியன் அழுதானாம்.
நம்பாமல் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

சார் போனபின் மின்சாரம் வந்தது.
விற்பனைக்குச் சாத்தியிருந்த நிலைக்கண்ணாடி முன்
படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.
உள்ளே அவருக்கு ஊசி வலக்கையில்.
உள்ளே எனக்கும் சுத்தி வலக்கையில்.
இரண்டு பேரும் பந்தியில் உட்காரலாம் போலிருந்தது.

ஓட்டை தெரியாமல் அட்டை வைக்கச் சொல்லியிருந்தார்.
கால் அங்குலம் கீழே தள்ளி வெட்டினேன்.
பெயர் இருந்த ஓட்டை தெரிகிறது.
கேட்டால்,
அளவு பிசகிவிட்டது,
இடக்கை சார்,
என்பேன்.