பதினைந்து மைக்ரான்

கென்ட் ரிட்ஜ், மூன்றாம் மாடி.
குளிரூட்டி செத்து இரண்டு மணி நேரம்.
சர்வர் அறைக் கதவைத் திறந்துவைத்து
மேசை விசிறியை உள்ளே திருப்பிவிட்டு
4417ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஊரில் இரவு வானம்
ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூரை.
விண்மீன்களோடு வேலை என்றால்
டாக்சிக்காரர்கள் சிரிக்கிறார்கள். நானும்தான்.
எனக்கு வானம் வருவது அட்டவணையாக,
ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில்
அது எவ்வளவு தவறாக இருக்கலாம் என்ற
இன்னோர் எண்ணோடு.

4417:
கண்ணால் காணும் ஒளியில் ஒன்றுமில்லை.
அண்மை அகச்சிவப்பில், இருக்கலாம்.
பதினைந்து மைக்ரானில் மட்டும்
அணைத்த அடுப்பில் கடைசிக் கரி போல
ஒரு புள்ளி. மூன்று பிக்சல்.

தூசிக்குள் விண்மீன்கள் பிறக்கின்றன.
தூசி அந்த வெளிச்சத்தைத் தின்று
சூட்டைத் துப்புகிறது.
அதில் கலந்த புகைக்கரி மூலக்கூறுகளுக்கு
நேற்றிரவு லாவ் பா சாட்டில்
சாத்தே குச்சிகள் மேல் எழுந்த புகை
தூரத்துச் சொந்தம்.
சட்டையில் இன்னும் மணக்கிறது.

ஷூ ஃபென் எழுதியிருக்கிறாள்: நீக்கிவிடு.
முந்தின படத்தில் பெரிய விண்மீன் ஏதாவது
அந்த இடத்தில் விழுந்திருக்கும்.
உணரிக்கு மறதி மெதுவாகத்தான் வரும்.

ஐந்தரைக்கு ஜெய்லானி வந்தார்,
துப்பாக்கி மாதிரி ஒரு கேமராவோடு.
குழாய்களைக் குறிபார்த்தார், கூரையை, பிறகு சும்மா என்னை:
திரையில் நான் மஞ்சள் பூசணி,
மூக்கு மட்டும் நீலம்.
"எட்டுலேர்ந்து பதினாலு மைக்ரான் வரைக்கும் எடுக்கும்.
எண்ணூறு வெள்ளி. உங்களுது?"
சொன்னேன்.
"அது ஏழு கெல்வின்ல இருக்கணும்.
இல்லாட்டி தன் உடம்புச் சூடே கண்ணை மறைச்சிடும்."
"அப்போ அங்கேயும் ஏர்கான் வேலை இருக்கு," என்றார்.

ஏணியில் ஏறச் சுவரில் கை ஊன்றி எடுத்தார்.
கேமரா மேசையில் அந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது.
திரையில் ஐந்து விரல் ஒட்டியிருந்தது,
கை மேலே ஏணியில் இருந்தபோது.
நான் எண்ணினேன்: பத்தொன்பது வரை.
பிறகு விளிம்பு கரைந்து
உள்ளங்கை மட்டும்,
பிறகு சுவர்.

ஷூ ஃபென் சொல்வது இதைத்தான்.
ஆனால் நான் தேடுவதும் இதுதானே:
எட்டு பில்லியன் ஆண்டுக்கு முன்
எதுவோ ஊன்றி எடுத்த கை.

"கம்ப்ரஸர் போயிருச்சு. நாளைக்குத்தான்."
அவர் போனபின் நான்கு படங்களையும் தனித்தனியே திறந்தேன்.
ஒவ்வொன்றுக்கும் தொலைநோக்கி
கொஞ்சம் தள்ளிப் பார்த்திருக்கும்.
எச்சமென்றால் அதே பிக்சலில் கிடக்கும்.
வானமென்றால் நகரும்.

ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் ஒரு காஸ்மிக் கதிர் குறுக்கே கீறி
எதுவும் தெரியவில்லை.
நான்கு.

வியர்வை விசைப்பலகையில் சொட்டியது.
ஷூ ஃபென்னுக்கு எழுதினேன்:
நகர்கிறது.