ஆட்டக்காரி

பரந்தன் சந்தியில் டயர்க் கடைக்கு மேல்
எனக்கொரு மேசை, ஒரு மின்விசிறி,
நெல்லுக்கு விலை சொல்லும் ஒரு சமன்பாடு.
தை பிறக்க முன்னம் முதலாளிக்கு எண் வேண்டும்:
கிலோ எவ்வளவு, எந்த நாள், ஆர் முதலில்.

என் மாதிரியில் இரண்டு பேர்.
ஒருவர் எங்கள் முதலாளி,
மற்றவர் முரசுமோட்டை ஆலைக்காரர் குகநேசன்.
அவர் ஒரு ரூபாய் கூட்டினால் நாங்கள் இரண்டு;
நாங்கள் இரண்டென்றால் அவர் மூன்று;
இப்படியே போனால் உமியும் மிஞ்சாதென்று
இருவருக்கும் தெரியும்.
ஆகவே ஒருவரும் கூட்டுவதில்லை.
கதைத்து முடித்த விஷயமல்ல.
கோயில் வீதியில் எதிர்ப்பட்டால்
தலையாட்டல்கூடக் கிடையாது.
ஒரே ஒழுங்கையின் இரண்டு முனையில்
எஞ்சினை நிறுத்திவிட்டு
இரண்டு லொறிகள் நிற்கும்.
அந்த மௌனத்துக்குப் பெயர் சமநிலை என்று
பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார்கள்.
முழுப் புள்ளி எடுத்தேன்.

விவசாயிகள் என் தாளில் ஒரு வளைகோடு.
விலை இறங்கினால் அவர்களும் இறங்குவார்கள்,
கொஞ்சம் பிந்தி.
ஏன் பிந்தி என்று நான் கேட்டதில்லை.

ஆபத்துக்கும் நிரல்கள் வைத்திருக்கிறேன்:
மழை, குளத்து நீர்மட்டம், டீசல், வங்கி வட்டி.
தரவு இரண்டாயிரத்துப் பத்திலிருந்து தொடங்குகிறது.
அதற்கு முன்னே வெறும் கட்டங்கள்.
ஏன் காலி என்றார் கொழும்பிலிருந்து வந்த கணக்காய்வாளர்.
பதிவில்லை என்றேன்.
கடைசி மாதங்களில்
ஒரு தேங்காய் என்ன விலை போனதென்று எனக்குத் தெரியும்.
ஒன்பது வயதில் அந்தத் தேங்காயைச் சுமந்தவன் நான்.
அந்தப் புள்ளியை வைத்தால்
கோடு தாளை விட்டு வெளியே போய்விடும்.
வைக்கவில்லை.

தை இரண்டாம் கிழமை
ஈரப்பதன்மானியோடு வட்டக்கச்சி போனேன்.
தார் வீதியின் பாதியை நெல் எடுத்திருந்தது;
மீதிப் பாதியில் பஸ்கள் மரியாதையாய் ஊர்ந்தன.
திலகேஸ்வரி வெறுங்காலால்
நெல்லைக் கோடு கோடாய் உழுதபடி கேட்டா:
"எத்தினை காட்டுது, தம்பி?"
"பதினெட்டு."
"அப்ப இன்னும் ரெண்டு வெயில்."
"என்ன நெல்?"
"ஆட்டக்காரி."

செவ்வாய்க்கிழமை லீசிங்காரர் வருவார்கள்.
தோடும் சங்கிலியும் அடைவில்.
காத்திருப்பதும் ஓர் உரிமை,
அதற்கொரு விலை உண்டு,
விலையைக் கணிக்கச் சூத்திரமும் உண்டு.
வீதியோரத்தில் நின்று போனிலேயே கணித்தேன்.
நல்ல பெறுமதி.
ஒரு செவ்வாய் போதும் அதை அழிக்க.

அடுத்த கிழமை லொறிகள் வெறுமையாய்த் திரும்பின.
பதினேழு பெண்கள்
பூட்டிக் கிடந்த சங்கக் களஞ்சியத்தைத் திறந்து
மூடைகளை அடுக்கிவிட்டார்கள்.
சீட்டுப் பிடிப்பதுபோலத்தான்:
ஆருடைய செவ்வாய் கூடுதலாய் நெரிக்கிறதோ
அவளின் தவணையை மற்றவர்கள் பிரித்துக் கட்டுவது.
ஒரு கொப்பி, ஒரு பேனை.
என் வளைகோடு எழுந்து உட்கார்ந்துவிட்டது.

குகநேசன் அன்றிரவே மூன்று ரூபாய் கூட்டினார்.
முதலாளி போனில்:
"உன்ர கணக்கில அவர் கூட்டமாட்டார் எண்டாய்."
"ரெண்டு பேர் ஆடினா கூட்டமாட்டார், ஐயா."
"வேற ஆர் ஆடினது?"

நெல்லின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.
எனக்குச் சம்பளம் இருபத்தைந்தாம் திகதி.
"பாத்துச் சொல்லுறன், ஐயா."

மாசியில் பருவம் தப்பி ஒரு மழை.
களஞ்சியக் கூரையில் இரண்டு ஓடு இல்லை,
படங்கு எட்டாத மூலையில் பதினொரு மூடை முளைவிட்டன.
மூன்று ரூபாயில் எவ்வளவு கரைந்தது என்பதை
நான் ஒரு நிமிடத்தில் சொல்லுவேன்.
அவர்கள் கேட்கவில்லை.
ஏணியில் நின்ற திலகேஸ்வரி
என்னைக் கண்டதும் கேட்டது வேறு:
"தம்பி, ஓடு இப்ப என்ன விலை போகுது?"

அது என் மாதிரியில் இல்லை.
கடைக்காரனுக்குப் போன் போட்டேன்.