ஒற்றைப்படை மதகு

வலப்பக்கத்தை எடுத்து
சென்னியப்பனுக்கு வைத்துவிட்டார்கள்.
அறுநூற்று நாற்பது கிராம்.
நிறுத்துப் பார்த்தார்களாம்,
நான் மயக்கத்தில் இருந்தேன்.

கோவையில், அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரியில்
டாக்டர் ரெஜினா மருந்துச்சீட்டின் பின்புறம் ஒரு வட்டம் போட்டார்,
அதற்குள் இன்னொன்று.
இது செல், இது உட்கரு,
இங்கே காத்திருப்பவை ஏற்பிகள்.
ஈரல் குறைந்துபோனால்
மிச்சமிருப்பதன்மேல் பித்தம் பெருகி வரும்.
வந்து ஏற்பியைத் தொடும்.
தொட்டதும் அது மரபணுவின்மேல் குனிந்து
வளர் என்கிற வரியைத் திறக்கும்.
அளவு வந்ததும் மூட வேண்டும்.
இவருக்கு மூடவில்லை.

"என்ற ஈரலுக்கு லஸ்கர் இல்லாமப் போயிட்டானுங்களா?"
என்றான் அண்ணன்.

இருபத்தாறு வருஷம் கீழ்பவானியில் லஸ்கர் அவன்.
ஒற்றைப்படை மதகைத் திறந்தால் இரட்டைப்படையை மூடுவான்.
முறை தப்பினால்
மேல்மடையில் அழுகும், கடைமடையில் கருகும்.
மாமனார் காட்டுக்குக்கூட ஒரு மணி நேரம் கூட்டிவிட்டதில்லை.
குடித்ததுமில்லை.
அரச்சலூரில் யாரும் அதை நம்பவில்லை,
ஈரல் என்றாலே பாட்டில்தான் ஊருக்கு.
சர்க்கரையும் கொழுப்பும்
ஓயாமல் பேசிப் பேசி
உள்ளே காது மந்தமானதை
சந்தையில் எப்படிச் சொல்வது.

மூன்றாம் மாத ஸ்கேன்.
எனக்கு முக்கால்வாசிக்கு மேல் வந்துவிட்டது.
பழைய வடிவம் வராது, கொள்ளளவு வரும் என்றார்.
படத்தில் அது
யாருடையதோ போல் இருந்தது.

பயம் இப்போதுதான்.
வளர்ந்தபோது இல்லை.
நின்றுவிட்டதா என்று எதைக் கேட்பது?
ராத்திரியில் விலாவுக்கடியில் கைவைத்துப் படுக்கிறேன்,
மோட்டார் ஓடுகிறதா என்று
குழாயைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

அவனுக்குள்ளும் என் செல்கள்தான்.
அவன் பித்தம் வந்து தொட
என் உட்கரு எழுத்துக்கூட்டிப் படிக்கிறது.
காட்டுப் பங்கில் நாங்கள் பேசாமலிருந்த எட்டு வருஷம்
அதற்குத் தெரியாது.

ஆகஸ்ட்டில் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள்.
லீவில் இருந்தவனுக்கு வீடு கொள்ளவில்லை.
மாஸ்க்கோடு கரையில் நின்றுகொண்டு
"அம்மிணி, நீ சுத்து" என்றான்.
திருகுசக்கரத்தைச் சுற்றினேன்,
தழும்பு இழுத்தது.
பலகை இறங்கி உட்கார்ந்த பின்னும்
அடியில் ஒரு விரல் கசிவு.

இன்னொரு சுற்றுக்குக் கை வைத்தேன்.

"போதும்.
அவ்வளவு எப்பவும் இருக்கும்."