பால் என்ற கட்டம்

மூதூர் இறங்குதுறை, காலை ஆறே கால்.
இரவு மேற்கில் மழை. கங்கை கலக்கிவிட்டதில்
கொட்டியாரக் குடா தேத்தண்ணி நிறம்.
அஸ்மீரின் வள்ளத்திலிருந்து
றெஜிபோம் பெட்டியில் ஒன்பது சுறா.

வாய் மூலையில் நீண்ட மடிப்பு,
சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி.
அதை விரலால் தடவித்தான் இனம் எழுதுவேன்:
பால் சுறா.
நீளம்: எண்பத்தாறு.
அடுத்த கட்டம், பால்.
'பெண்' என்று எழுதி முடிக்கமுன்
சட்டைக்குள் நனைந்தது
மற்றப் பால்.

எண்பத்துநாலு நாள் லீவு முடிந்து
இது மூன்றாம் கிழமை.
பிள்ளை கிண்ணியாவில், தங்கச்சியிடம்.
கோவைப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
அடுத்ததைத் தூக்கச் சொன்னேன்.

காலிதீன் கத்தியை வைத்ததும்
வயிற்றிலிருந்து நாலு குட்டி வழுகி வந்தன,
செட்டை ஓரம் வெள்ளையாய், கொடியோடு.

முதலில் அவற்றுக்குச் சாப்பாடு மஞ்சட்கரு.
அது தீர்ந்ததும் வெறும் பை சும்மா கிடக்காது,
தாயின் சுவரில் போய் ஒட்டிக் கொடியாகும்,
ஒழிந்த கோப்பையைக் கழுவி
அதே வீட்டில் திரும்ப நீட்டுவதுபோல.
பெற்றபின் ஒன்றுமில்லை.
முலையில்லாத சாதி.
பெரிய சுறா நுழையத் தயங்கும்
இடுப்பளவுக் கலங்கலுக்கு வந்து
விட்டுவிட்டுப் போய்விடுவாள்.
அந்த நாட்களில் அவளுக்குப் பசி செத்துவிடுமாம்,
தன்னுடையதைத் தானே தின்னாதிருக்க.
குட்டி முதல் நாளே
இறால் தேடப் பழகவேண்டும்.
நெஞ்சுச் செட்டைகளுக்கு நடுவே கொடியறுந்த வாய்
மூடச் சில கிழமை எடுக்கும்.

படிவத்தில் நாலுக்கும் வரிசை கிடையாது.
கரைக்கு வந்தது ஒன்று, அவ்வளவுதான் கணக்கு.
என்றாலும் அளந்தேன்:
முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பது,
இருபத்தேழு.
தாளின் பின்பக்கம் எழுதினேன்.
ஈரத்தில் மை பரவி
ஏழு ஒன்றுபோல் ஆயிற்று.

"பிள்ளைத்தாச்சியெல்லோ, அரைக் கிலோ கொண்டு போங்க,
நல்லாச் சுரக்கும்" என்றார் காலிதீன்.
"பிள்ளை பெத்தாச்சு" என்றேன்.
"அப்ப கட்டாயம்" என்றார்.

செட்டையின் வெள்ளையைப் பார்த்தோ என்னவோ
யாரோ வைத்த பெயர்.
அதில் ஒரு துளி பால் இல்லையென்று
இந்தத் துறையில் என்னைவிட
யாருக்குத் தெரியும்?

விலை பேசினேன்.
அவித்து, முள் நீக்கி உதிர்த்து,
உள்ளி, மிளகு, தேங்காய்ப்பூ போட்டு வறுத்து
இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

இரவு ஒன்றரைக்குப் பிள்ளை அழுதது.
பால் வந்தது,
வழமையாய் வரும் நேரத்துக்கு.