மூன்றே படிகள்

பெட்டிக்குள் ஒரு தாள்.
எட்டு மொழியில் எழுதியிருக்கிறது, தமிழ் இல்லை.
பரவாயில்லை, படம் இருக்கிறது:
உடம்பில்லாத ஒரு கை,
வீடில்லாத ஒரு டிவி,
நடுவில் ஓர் அம்புக்குறி.
மூன்றே படிகள் என்கிறது மலாயில்.

முதல் படிக்கு முன்னால்
டிவியைச் சுவரிலிருந்து இழுக்க வேண்டும்.
அதைத் தாள் சொல்லவில்லை.
சுங்கை டுவாவில் இந்த ஒன்பதாவது மாடிக்கு
லாரிக்காரர் ஏற்றி வைத்துவிட்டுப் போனதிலிருந்து
அதன் முதுகை நான் பார்த்ததில்லை.
பல்லி முட்டை ஓடு, ஒரு சேஃப்டி பின்,
பழைய வீட்டுத் தூசு.
குமரேசனின் பங்காக டிஷ் போயிற்று,
என் பங்காக இது வந்தது.

குச்சியின் முனையை
டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன்.
பழக்கம்.
பாயான் லெப்பாஸில் பதினாறு வருடமாக
இதே முனையைத்தான் பார்க்கிறேன்
நுண்ணோக்கிக்குக் கீழே:
பத்தொன்பது பின்,
ஒன்று வளைந்தாலும் சிவப்புத் தட்டு.
ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து இருநூறு.
இதுவரை ஒன்றைக்கூட
எதிலும் செருகியதில்லை நான்.

செருகினேன்.
தப்போ என்று பயப்படும் அளவுக்கு லேசு.

சிக்னல் இல்லை.
கறுப்புத் திரையில் என் நைட்டி தெரிகிறது.
ரிமோட்டில் எந்தப் பட்டன் என்று தெரியவில்லை,
எழுத்து தேய்ந்துவிட்டது.
தேய்த்தது என் விரல் இல்லை.
ஒன்றாம் துளை, இல்லை. இரண்டு, இல்லை.
மூன்றில் ஒரு வெளிச்சம் வந்து
உடனே செத்தது.
டிவியின் இடுப்பிலிருந்து உறிஞ்சினால் பற்றாதாம்,
சுவரிலிருந்தே வேண்டுமாம் மின்சாரம்.
அடுப்படி பிளக் கருகியதிலிருந்து
ரைஸ் குக்கர் ஹாலில்தான்.
அதைக் கழற்றினேன்.
சோறு பாதி வெந்திருந்தது.

பிறகு வைஃபை.
வரிசையாக அக்கம்பக்கம்:
ரோஹானி வீடு, சி ஒன்பது நாலு,
லிம் குடும்பம் மாடி,
திருடாதே என்று மலாயில் ஒரு பெயர்.
லிஃப்டில் தலையாட்டுவதோடு சரி என்றிருந்தவர்களெல்லாம்
என் ஹாலில் வந்து
ஆளுக்கொரு பூட்டோடு நிற்கிறார்கள்.
நடுவில் எனது.
அதற்கு இன்னும் கம்பெனி வைத்த எண்தான் பெயர்.

கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாக
அம்பை நகர்த்தித் தேட வேண்டும்.
எம்மிலிருந்து ஏ வரை நடை,
அங்கிருந்து எஸ்ஸுக்கு ஓட்டம்.
மழை பெய்யும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்
பாலத்தைக் கடப்பதுகூட இதைவிடச் சீக்கிரம்.
பெரிய எழுத்து ஒன்று சின்னதாகிவிட்டது.
மறுபடி முதலிலிருந்து.

பழைய கணக்கா, புதியதா என்றது.
பழையதைத் தொட்டால் திறந்துகொள்ளும்,
அவர் மாற்றியிருக்க மாட்டார்,
மாமியாரின் பிறந்த நாள்.
பாதி பார்த்த படங்களெல்லாம்
விட்ட இடத்திலேயே நின்றிருக்கும்.
விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.
குக்கர் மூடியில் நீர் சொட்டியது.
புதியது.

யார் பார்ப்பது? என்றது.
தண்ணீர் பில்லில் திருமதி குமரேசன்.
வேலைச் சட்டையில் 4417.
மீண்டும் அதே அம்பு, அதே நடை.
திலகேஸ்வரி கட்டத்துக்குள் முழுசாகப் பிடிக்கவில்லை,
திலகேஸ் என்று நின்றது.
விட்டுவிட்டேன்.
முகத்துக்கு ஒரு பென்குயின்,
கண்ணாடி போட்டது.

எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டு
அப்டேட் என்றது.
இருபத்திரண்டு சதவீதம். அணைக்காதீர்கள்.
காலை ஐந்தே காலுக்கு ஃபேக்டரி பஸ்.
அணைக்கவில்லை.
ரொட்டியைக் கோப்பியில் நனைத்துத் தின்றேன்.

பதினொன்றே முக்காலுக்குக் கேட்டது வந்துவிட்டது,
வரிசை வரிசையாக, உலகத்துப் படமெல்லாம்.
நான் எதையும் தொடவில்லை.
காத்துப் பார்த்துவிட்டு அதுவாகவே
எங்கோ ஒரு கடலைக் காட்டியது,
பெயர் போடாத கரை, சத்தமில்லாத அலை.
ஜன்னலில் எங்கள் கடல் இருட்டாக இருந்தது,
பாலத்து விளக்குகள் தவிர.
இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

டிவியைத் திரும்பத் தள்ளும்போது ஆடியது.
மேசைக்கு ஒரு கால் குட்டை.
தாளை நாலாக மடித்து
அடியில் கொடுத்தேன்.
நின்றது.