தொண்ணூற்று நான்கு அம்பியர்

ஊரின் பெயரிலேயே கரண்ட் உண்டு:
ஸ்விஃப்ட் கரண்ட், சஸ்காச்சவான்.
ஓடையைப் பார்த்து வைத்த பெயராம்.
எங்கள் எழுபத்தோராம் ஆண்டு ஜிஎம்சி பிக்கப்புக்கு
அதில் ஒரு துளியும் வந்து சேரவில்லை.

சிவப்பு சிக்னலில் நின்றால்
முன்விளக்கு இரண்டும்
நித்திரை தூங்கும் கண்ணாய்ச் சரியும்.
ஹீட்டரா, வெளிச்சமா?
இரண்டையும் ஒருசேரக் கேட்டால் முனகும்.
மைனஸ் முப்பத்தொன்றில்
விறைத்த விரலால் ஹீட்டரை அணைத்துவிட்டுப்
பாதையை மட்டும் பார்த்துக்கொண்டு
பேக்கரி வேலைக்குப் போன விடியல்கள்
போன விண்டரில் எத்தனை என்று
எண்ணி வைக்கவில்லை.
முப்பத்தேழு அம்பியர்தான் அதன் வரும்படி.
அதுவும் புதிதாய் இருந்த நாளில்.

சைக்கிள் டைனமோவோடு வளர்ந்தவள் நான்.
தொண்ணூற்றிரண்டில், மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில்
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
அண்ணன் பெடலைக் கையால் சுற்ற
ரேடியோவில் செய்தி கேட்டோம்.
அவன் கை ஓய்ந்த இடத்தில்
செத்தவர்களின் தொகை
பாதியில் நிற்கும்.
நின்றால் மங்குகிற எதிலும்
எனக்கு நம்பிக்கை இல்லை.

பழைய கார் உடைக்கும் யார்டில்
எண்பத்து நான்காம் ஆண்டுக் கப்ரிஸ் ஒன்றின்
நெஞ்சைத் திறந்து கழற்றி எடுத்தது.
நாற்பது டொலர்.
தொண்ணூற்று நான்கு அம்பியர்,
ரெகுலேட்டர் அதன் வயிற்றுக்குள்ளேயே.

ஞாயிறு. கராஜ். பற்றரியின் நெகடிவ்வை முதலில் கழற்றினேன்.
பிராக்கெட்டுக்கு ஒரு வாஷர் போதவில்லை, இரண்டு கூட.
இரண்டாவதை அரத்தால் ராவிக்கொண்டிருந்ததில்
மத்தியானச் சோறு ஆறிப்போயிற்று.
கம்பிகளின் கணக்கு ஒரு விசித்திரம்,
எண் குறையக் குறையத் தடிக்கும்.
இருந்த பத்தாம் எண் இதைத் தாங்காது, எரிந்துவிடும்.
ஆறாம் எண்ணில் பென்சில் தடிப்புக்குப்
புதுக்கம்பி இழுத்தேன்.
பகீரதன் டோர்ச் பிடித்தார்,
தான் பார்க்க விரும்பிய இடங்களுக்கு.
பெயர்தான் அவருக்கு. பிரயத்தனம் என்னுடையது.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஓடுகிறது.
மீட்டரில் பன்னிரண்டு புள்ளி நாலு. அசையவில்லை.
பெடலை ஓங்கி மிதித்தால்தான்
திடுக்கிட்டு விழித்துப் பதினாலுக்கு ஏறும்.
அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தால்
மறுபடி பிணம்.
மூன்று தரம் அவிழ்த்துப் பூட்டினேன்.
யார்டுக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.
அவன் பாவம்.

படுத்தபிறகு உறைத்தது.
மின்சாரம் பிறக்கவும்
முதலில் கொஞ்சம் மின்சாரம் கடன் வேண்டும்.
அந்தக் கடன் வருகிற வழி
டாஷ்போர்டில் எரியும் சிவப்பு எச்சரிக்கை விளக்கு.
இரவு உடுப்போடு எழும்பிப் போய்
மீட்டர்களுக்குப் பின்னால் விரலை விட்டேன்.
ஹோல்டர் இருந்தது. பல்பு இல்லை.

வண்டியை விற்ற திருமதி ஃப்ரீசனுக்குக்
காலையில் ஃபோன் எடுத்தேன்.
"எர்வின்தான் பிடுங்கினார்.
எரிந்துகொண்டே இருக்கிறதாம், கரைச்சலாம்.
எழுபத்தெட்டிலோ எண்பதிலோ."
கொஞ்சநேரம் பேசாமல் இருந்தா.
"டாக்டரிடம் போய்வந்ததையும்
அப்படித்தான் எனக்குச் சொல்லவில்லை."

பல்பு இரண்டு டொலர் எழுபது.
சாவிக்குச் சிவந்தது. எஞ்சின் பிடித்ததும் அணைந்தது.
பதினாலு புள்ளி இரண்டு.

இன்று விடிய நாலே முக்கால்,
சிக்னலில் நிற்கிறேன்.
ஹீட்டர் முழுசாய். விளக்கு இரண்டும் முழுசாய்.
வைப்பரையும் போட்டேன், தேவையே இல்லாமல்.
ரேடியோவைப் போட்டேன்: கோதுமை விலை, காற்றின் வேகம்.
ஒரு சொல்லும் பாதியில் நிற்கவில்லை.
பச்சை விழுந்துவிட்டதைப்
பின்னால் வந்த லொறிக்காரன்
ஹோர்ன் அடித்துச் சொன்னான்.