ஆயிரம் புதன்கிழமைகள்

முதல் மாதிரிக்கு முகம் இல்லை.
இரவில் ஓடவிட்டுவிட்டுக்
கொட்டாஞ்சேனை அறைக்குப் போய்ப் படுத்தேன்.
விடியுமுன் அது
ஆயிரம் புதன்கிழமைகளைச் சத்தமில்லாமல் நடத்தி முடித்து
ஒரு வரி எழுதியிருந்தது:
துறைமுக வாசலில் ஒரு லொறி காத்திருப்பது
சராசரி நாற்பத்தொரு நிமிடம்,
கூடினால் குறைந்தால் மூன்று.

ஹேவகே ஐயா தாளைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் வெள்ளை.
"இதில லொறி எங்க, மிஸ்?"

வரைந்தேன்.
இங்குருகடைச் சந்தியிலிருந்து சாம்பல் கோடு,
வாசல்கள் நான்கு பச்சைக் கட்டங்கள்,
லொறிகள் சிவப்பு, அரிசிமணி அளவு.
கூட்ட அறையில் பிளேன்டீ ஆறிப்போனது.
மவுஸை என் கையிலிருந்து வாங்கி
மூன்றாம் வாசலை மூடினார், திறந்தார்,
மழை பெய்ய வைத்தார்,
பகல் ஒன்றரையைப் பிடித்து நிறுத்தி
திரும்ப மெல்ல விட்டார்.
நாலாம் வாசலை அடைத்தும்
சிவப்பு மணிகள் கரைந்துகொண்டே போயின.
"பாருங்க! மூணு போதும்!"

நானும் பார்த்தேன்.
அது ஒரு நல்ல புதன்கிழமை.
விதை எண் பதினேழு.
மற்றத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும்
என் பைக்குள் நாலாக மடிந்து கிடந்தன.
எடுத்து நீட்டியிருக்கலாம்.
யாருடைய கண்ணும் திரையை விட்டு வந்திருக்காது.

நேரக் கணக்குச் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்த
வாசல் எழுத்தர் செபமாலை
கதவருகே நின்றபடி சொன்னார்:
"உந்த வளைவில நாப்பதடி லொறி
ஒரே வெட்டில திரும்பாது.
ஒருக்கா பின்னுக்கு எடுக்கோணும்.
எடுக்கேக்க
பின்னால நிக்கிற ஒண்டும் அசையாது."

அப்படியென்றால்
ஆயிரம் புதன்கிழமையும்
என் லொறிகள் வளைவில் பறந்திருக்கின்றன.
பிளஸ் மைனஸ் மூன்று என்று
எவ்வளவு துல்லியமாகப் பிழைத்திருக்கிறேன்.
அட்டவணையில் அது தெரியவே இல்லை;
படத்தில், ஒரு மனிதருக்கு,
ஒரு நிமிடத்தில் தெரிந்தது.

திருத்தினேன். இரவு மறுபடி ஓடியது.
அறுபத்து மூன்று.
மூன்று வாசல் என்றால் நூற்றுப்பத்து.

இப்போது கேள்வி,
நாளைக்கு எந்தப் புதனைக் காட்டுவது என்பது.
அறுநூற்றுப் பன்னிரண்டில் வரிசை
சந்தியைத் தாண்டிப் பாலத்தில் ஏறுகிறது.
சராசரியான நாள் அல்ல அது.
பொய்யும் அல்ல.
விரல் அந்த எண்ணின்மேல் கொஞ்ச நேரம் கிடந்தது.

காலையில் திரை முழுக்கச் சிவப்பு.
யாரும் சிரிக்கவில்லை.
பையிலிருந்த தாளை விரித்து மேசையில் வைத்தேன்.
ஹேவகே ஐயா மவுஸுக்குக் கை நீட்டினார்.
"முதல்ல இதை வாசியுங்க" என்றேன்.
கை நீட்டியபடியே இருக்கிறார்.